மலைக்கு வேண்டியது பந்தயமல்ல, பாதை

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அனுமந்தையைச் சுற்றியுள்ள நிலம் முழுக்கச் சமதளம். கிழக்கே கடல், வடக்கே மரக்காணம் உப்பளங்கள், மேற்கே கழுவேலி நீர்ப்பரப்பு. மலை ஓட்டத்தைப் பற்றிப் பேச இது பொருந்தாத இடம் என்று தோன்றலாம். ஆனால் மரக்காணத்தில் புறப்படும் சாலை திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறது. அதற்கு அப்பால் ஜவ்வாது மலை. வார இறுதியில் ஓடுவதற்காகவே மலை தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கரையிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். போக வேண்டிய பாதை யாருடையது என்ற கேள்விக்கு உப்பளத்திலேயே ஒரு விடை இருக்கிறது. பாத்திகளுக்கு நடுவே ஓடும் வரப்புகள் பொழுது விடியும் நேரத்தில் ஓடத் தூண்டும் அழகு கொண்டவை. ஆனால் அவை வேலை செய்வதற்காகப் போட்டு, தொழிலாளர்களின் கால்பட்டு இறுகியவை. ஒரு வரப்பு உடைந்தால் பல நாள் வெயிலில் கட்டிய உப்புநீர் வீணாகும். அங்கே ஓட விரும்புகிறவர் முதலில் உப்பளக்காரரைக் கேட்பார். மலையின் ஒத்தையடிப் பாதைக்கும் இதே முறைதான் வர வேண்டும் என்பது என் வாதம். ஆண்டுக்கு ஒருநாள் ஆயிரம் பேரைக் கூட்டும் பந்தயங்களுக்கு மலையைக் கொடுக்கக் கூடாது. ஆண்டின் பல மாதங்களில், நாளுக்குச் சிலர் மட்டும் ஓடக்கூடிய நிலையான பாதைகளை, அந்தப் பாதைகளை உண்டாக்கிய ஊர்களின் பொறுப்பில் திறக்க வேண்டும்.

ஓடுவதும் மலையேறுவதும் ஒன்றுதானே, ஏற்கெனவே விதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2018இல் வந்தவை மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள். குழுவாக, மெதுவாக, வழிகாட்டியுடன் நடப்பவரை மனதில் வைத்தவை. ஓடுபவர் வேறு மாதிரியானவர். நடப்பவர் ஒரு நாள் முழுக்கக் கடக்கும் தூரத்தை இவர் காலை உணவுக்கு முன்பே முடித்துவிடுவார். உடம்பு சூடாவதால் மெல்லிய உடை போடுவார். எடை கூடும் என்று தண்ணீரையும் அளவாகவே எடுத்துக்கொள்வார். வெயிலுக்கு முன் முடிக்க விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பார். காட்டில் கரடியும் காட்டுமாடும் நடமாடும் நேரமும் அதுதான். பேசிக்கொண்டு நடக்கும் கூட்டத்தின் சத்தம் விலங்குக்கு முன்கூட்டியே எட்டிவிடும். தனியாக ஓடி வருபவர் வளைவில் திரும்பும்போதுதான் கரடியும் அவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கரடி தாக்கும் நிகழ்வுகளில் பெரும்பாலும் காரணம் இந்தத் திடீர்ச் சந்திப்புதான். ஆகவே நடப்பவருக்கு எழுதிய விதியை ஓடுபவருக்கு அப்படியே பொருத்துவது அவருக்கும் விலங்குக்கும் ஆபத்து.

அந்த 2018 விதிகள் எந்தத் துயரத்துக்குப் பின் வந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்துகொண்டது. காயமடைந்து பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தார்கள். மார்ச் மாதம், காய்ந்து ஆளுயரம் நிற்கும் புல், சரிவில் மேல்நோக்கி விரையும் தீ, வழி தெரியாமல் சிதறிய கூட்டம் எல்லாம் ஒரே மாலையில் சேர்ந்தன. சரிவில் தீ ஏறும் வேகத்தை எந்த மனிதராலும் ஓடி வெல்ல முடியாது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரராலும் முடியாது. இந்தப் பாடத்தை அரசு ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 வழிகளை இணையப் பதிவின் மூலம் திறந்தது. மலைக் கிராமங்களின் இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. 2025 பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்று வழிகளை மூடியும் வைத்தது. பதிவு, உள்ளூர் வழிகாட்டி, மூடும் காலம் ஆகிய மூன்றும் சரியான அடித்தளம். ஆனால் 40 வழிகளில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியும் கோவையும் முன்னிற்க அமைந்தது. நம் பக்கத்துக் கிழக்கு மலைகளுக்குக் கிடைத்த பங்கு சொற்பம். ஓட்டக்காரர்கள் என்று ஒரு பிரிவு இருப்பதாகவும் திட்டம் கருதவில்லை.

பந்தயத்தை நான் எதிர்ப்பது விளையாட்டின் மேல் உள்ள வெறுப்பால் அல்ல. பந்தயத்தின் அமைப்பே மலையின் இயல்புக்கு எதிரானது. தேதி மாதங்களுக்கு முன்பே குறிக்கப்படுகிறது, கட்டணம் வாங்கியாகிவிட்டது, விடுதிகள் நிரம்பிவிட்டன, அன்று காலை மேகம் திரண்டால் நிறுத்து என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஓடுபவரும் முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டு, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போகிறார். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் மஞ்சள் ஆற்றங்கரைக் கல்காட்டுப் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் புறப்பட்டார்கள். உயரமான பகுதியில் திடீரென ஆலங்கட்டி மழையும் உறைகாற்றும் வீச, 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் உண்டு. காற்றைத் தடுக்கும் மேலங்கி அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. விறைத்துக் கிடந்தவர்களில் ஆறு பேரைக் காப்பாற்றியவர் அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். புயலைக் கண்டதும் எந்தக் குகையில் ஒதுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தீ மூட்டி, போர்வை சுற்றி அவர்களை மீட்டார். அமைப்பாளர்களிடம் இருந்த கருவிகளும் பட்டியல்களும் செய்யாததை மலையை அறிந்த ஒருவர் செய்தார். நம் ஊர்ப் பாதைகளைத் திட்டமிடும்போது இந்த ஒரு செய்தி மேசையில் இருந்தால் போதும், யாரை முதலில் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

நல்ல பந்தயங்களும் உலகில் உண்டே என்பது நியாயமான மறுப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளைக் கடக்கும் ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ 100 மைல் ஓட்டம் அரை நூற்றாண்டு மரபு கொண்டது. அதன் பெருமைக்கு உண்மையான காரணம் பரிசுக் கோப்பை அல்ல. பாதையின் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி வழியாகப் போவதால், எவ்வளவு பேர் கேட்டாலும் 369 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஓட விரும்புகிறவர் எட்டு மணி நேரமாவது பாதை சீரமைப்பு போன்ற தன்னார்வ வேலை செய்துவிட்டுத்தான் வர வேண்டும். அதாவது அங்கே எண்ணிக்கையை முடிவு செய்வது காடு. ஐரோப்பாவின் மோன் பிளான் மலையைச் சுற்றி 2003இல் சில நூறு பேருடன் தொடங்கிய ஓட்டமோ இன்று ஒரே வாரத்தில் பத்தாயிரம் அளவில் ஆட்களை இழுக்கிறது. அந்த மலையடிப் பள்ளத்தாக்கு மக்களே நெரிசலைப் பற்றிக் குறைபடுகிறார்கள். கண்டிப்பான அளவும் அதைக் காக்கும் நிர்வாகமும் முதலில் வேரூன்றிய இடத்தில் பந்தயம் நடக்கட்டும். நம்மிடம் அந்த அளவே இன்னும் வகுக்கப்படவில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் 2024 ஜனவரி விடுமுறையில் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதியது. அரசு மலையேற்றத்தையே சில காலம் நிறுத்தி, பிறகு நாளுக்கு 300 பேர் என்று வரம்பு வைத்து இணையப் பதிவுக்கு மாற்றியது. கூட்டம் வந்தபிறகு வரம்பு போடுவதைவிட, வரம்பு போட்டபிறகு ஆளை அழைப்பது எவ்வளவோ எளிது.

எங்கே பாதை திறப்பது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. புலிகள் காப்பகங்களின் உட்பகுதிகளும், வரையாடு வாழும் முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காக்களும் ஓட்டத்துக்கு உரிய இடங்களல்ல. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் காலத்தில் ஆண்டுதோறும் பார்வையாளர்களையே நிறுத்திவிடுகிறார்கள். ஓடும் காலடிகளுக்கு அங்கே என்ன வேலை? மாறாக, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை மனிதர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து நடந்த மலைகள். சாலை வருவதற்கு முன் சாமை மூட்டையும் புளியும் தேனும் சந்தைக்கு இறங்கியதும், கர்ப்பிணிகளைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்ததும் இந்தப் பாதைகளில்தான். சில ஊர்களில் இன்றைக்கும் அப்படித்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையே, வயலோரமும் ஓடையோரமும் போகும் இவை காட்டின் நடுவே புதிதாக வெட்டப்பட வேண்டியவை அல்ல. அங்கே பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தங்கள் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் கிராமசபை வழியாக உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு காரணமாக அந்தச் சட்டத்தின் பலன் பல ஆண்டுகள் தடைபட்டது; இன்னும் பல ஊர்களில் சமூக உரிமை காகிதத்தில்கூட இல்லை. உரிமையைத் தராமல் பாதையை மட்டும் நகரத்தாருக்குத் திறந்தால் அது அநீதி. அதனால்தான் கிராமசபையின் ஒப்புதல் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும் என்கிறேன். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அத்தோடு முடிந்தது.

பந்தயத்தால் ஊருக்கு வருமானம் வருகிறதே என்பார்கள். ஒருநாள் பந்தலுக்கும் தண்ணீர் கொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒருநாள் கூலிதான் கிடைக்கும். பதிவுக் கட்டணத்தின் பெரும்பகுதி நகரத்துக்கே திரும்பிவிடும். பிளாஸ்டிக் மட்டும் மலையில் தங்கும். நாளுக்கு இருபது பேர், ஆண்டில் ஏழெட்டு மாதம் என்று வைத்தால், பாதையைக் காக்கும் சிலருக்கு நிரந்தர வேலை, சில வீடுகளில் சாப்பாடு, இரவு தங்கல் என்று பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். ஆண்டு முழுக்கப் பாதையில் கண் வைத்திருக்கும் ஒருவர் காட்டுத்தீயை முதலில் பார்ப்பவராகவும் இருப்பார். வனத்துறைக்கு இது சுமையல்ல, துணை.

இன்னொரு மறுப்பு உணர்ச்சி கலந்தது. வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் பருவதமலைக்கும் பக்தர்கள் ஆயிரக்கணக்கில் ஏறும்போது, சில ஓட்டக்காரர்களிடம் மட்டும் கெடுபிடி ஏன்? வழிபாட்டுப் பாதைகளுக்குப் பழைய உரிமை உண்டு. ஓட்டம் ஒரு பொழுதுபோக்கு என்பது ஒரு பதில். ஆனால் அதைவிட முக்கியமானது, அந்தக் கூட்டத்தையும் மலை தாங்கவில்லை என்பது. வெள்ளியங்கிரியில் பருவந்தோறும் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறக்கிறார்கள். சதுரகிரியில் 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே இந்தக் கரையைக் கடந்தபோது, மரக்காணம் பகுதி காற்றிலும் மழையிலும் தவித்தது. மறுநாளே அதே புயலின் மழையில் திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலைச் சரிவு வீடுகளின் மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தலைமுறைகளாக வந்த வழக்கத்தையே மண்ணின் நிலை கருதி நிறுத்த முடிந்தது. அதை மக்களும் ஏற்றார்கள். கடற்கரைக்கு வரும் புயல் எச்சரிக்கை மலைப் பாதைக்கும் உரியது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த மாவட்டத்தில் அன்றைய ஓட்டப் பதிவு தானாகவே ரத்தாகி, பணம் திரும்பிவிட வேண்டும். நிலையான பாதைக்கு இது சாத்தியம். இன்று இல்லையென்றால் அடுத்த வாரம் ஓடலாம். பந்தயத்துக்கு அடுத்த வாரம் கிடையாது.

காட்டுயிர் ஆர்வலர்கள் சிலர் முழுத் தடையே நல்லது என்கிறார்கள். அவர்களின் கவலையை மதிக்கிறேன். ஆனால் தடை எதையும் நிறுத்தவில்லை. கைக்கடிகாரத்திலுள்ள ஜிபிஎஸ் பதிவு செய்யும் தடம் ‘ஸ்ட்ராவா’ போன்ற செயலிகளில் ஏறிவிடுகிறது. அனுமதியின்றி ஒருவர் ஓடிய வழி, அதைப் பார்க்கும் நூறு பேருக்கு வரைபடமாகிறது. அந்த வழி கரடிக் குகையை ஒட்டிப் போகிறதா, காட்டுத்தீ வந்தால் தப்பும் இடம் இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. திறந்த, அடையாளமிட்ட, ஆள் காவல் உள்ள பாதை ஒன்று இருந்தால்தான் மற்ற இடங்களில் போகாதே என்று சொல்வதற்கு வலு வரும். அந்த ‘போகாதே’ நம் கரைக்கும் பொருந்தும். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் பறவைகள் சேற்றோரம் இரை தேடும்போது, கரையில் ஓடும் ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பு. அனுமந்தையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஓடுகிறவர்கள் அந்த மாதங்களில் கழுவேலிக் கரையை விட்டுவிட வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் மலை என்றால் உடனே செஞ்சியைச் சொல்வார்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் ஓட்டப் பந்தயம் வைக்கும் யோசனைக்கு யாரும் இடம் தரக் கூடாது; அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம், 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. வழி திறக்க வேண்டிய இடம் மேற்கே, ஜவ்வாதும் கல்வராயனும். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி முதல் மே வரை எந்தப் பாதையும் திறக்க வேண்டாம். பருவமழை நின்று புல் இன்னும் பச்சையாக இருக்கும் வாரங்களில் தொடங்கலாம். 2018 விதிகளில் ஓடுபவருக்கு ஒரு தனிப் பிரிவைச் சேர்த்து, தனியாக ஓடத் தடை, விடிந்தபிறகே புறப்பாடு, விசிலும் தண்ணீரும் மேலங்கியும் கட்டாயம், வரம்பு மீறிப் பந்தயம் நடத்தினால் அமைப்பாளர் மேல் வழக்கு என்று எழுதலாம். அதற்கு முன், வனச்சரக அலுவலர்கள் அந்தந்த மலைக் கிராமசபைகளின் முன் பாதைகளின் வரைபடத்தை விரித்து வைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே அதைத் தொடங்கலாம்.