அறுபது பாகை யாருடைய அறுபது? பிறை பார்க்க வாங்கும் பைனாகுலரும் நம் சாட்சியமும்



ஷஃபான் மாதம் முடியும் தறுவாயில் நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் பிறை பற்றிய பேச்சு எழுகிறது. அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு பேச்சும் சேர்ந்துள்ளது: "பள்ளிவாசலுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிவிடலாமே!" இவ்வெண்ணத்தை நாம் எதிர்க்கவில்லை. கருவியின் துணையால் கண்ட பிறை மார்க்கத்தில் ஏற்கப்படுமா என்பதை ஆலிம்கள் தீர்மானிக்கட்டும். நாம் எதிர்ப்பது வேறொன்றை: பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பொருள் புரியாமல் நம்பிக் கருவியை வாங்கி, அதன் வழியே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பைனாகுலரிலேயே தெரியவில்லை, ஆகவே பிறை இல்லை" என்று அடித்துச் சொல்லும் துணிச்சலையே நாம் எதிர்க்கிறோம். ஒரே வீட்டில் வாப்பா ஒரு நாளும் மகன் மறுநாளும் பெருநாள் கொண்டாடும் நிலை நம் ஊர்களுக்குப் புதிதன்று. அந்தப் பிளவில் அரைகுறை அறிவும் பங்கு சேர்க்க வேண்டாம்.

விற்பவர் முன்வைக்கும் எண்கள் இரண்டு. ஒன்று, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. மற்றொன்று, "60 பாகை அகன்ற காட்சி" போன்ற அறிவிப்பு. இந்த 60 பாகை வானத்தின் அளவு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது வானத்தின் அளவன்று. கருவியில் கண் வைத்தவுடன் இருளின் நடுவே ஒளிவட்டம் ஒன்று தெரிகிறதல்லவா? அவ்வட்டம் நம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதே அந்த எண். இதைத் தோற்றப் பார்வைப் புலம் எனலாம். அவ்வட்டத்துக்குள் உண்மையில் அடங்கும் வானத்தின் அகலம் மெய்ப் பார்வைப் புலம். மெய்ப் புலத்தை மடங்கால் பெருக்கினால் ஏறத்தாழத் தோற்றப் புலம் கிடைக்கும்.

மூன்று கருவிகளை எடுத்துக்கொள்வோம். 8 மடங்குக் கருவியின் மெய்ப் புலம் 7.5 பாகை, 10 மடங்குக் கருவிக்கு 6 பாகை, 20 மடங்குக் கருவிக்கு 3 பாகை. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: எல்லாவற்றிலும் விடை 60 பாகைதான். மூன்று பெட்டிகளிலும் ஒரே எண்ணை அச்சிடலாம். அதில் பொய்யும் இராது. ஆயினும் முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. முதற் கருவியின் வட்டத்தில் 15 நிலவுகளை வரிசையாக வைக்கலாம். மூன்றாவதில் ஆறு மட்டுமே. பரப்பால் கணக்கிட்டால் முதற் கருவி ஆறு மடங்குக்கும் மேலான வானத்தை ஒரே பார்வையில் காட்டுகிறது.

அந்த எண்ணும் நிலையானதன்று. 2002 ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 14132-1 தரவிதி, எளிய பெருக்கலுக்குப் பதிலாகக் கோணத்தின் டேன்ஜென்ட் வழியே கணக்கிடச் சொல்கிறது. அவ்வாறு கணக்கிட்டால் அதே 8 மடங்குக் கருவியின் தோற்றப் புலம் ஏறத்தாழ 55 பாகையாகக் குறையும். கருவி மாறவில்லை, வில்லை மாறவில்லை, கணக்கு மட்டுமே மாறியது. பழைய முறையில் 60 என்று எழுதியவரையும் புதிய முறையில் 55 என்று எழுதியவரையும் ஒப்பிட்டு, முன்னதே சிறந்தது என்று ஜமாஅத்தின் பணத்தைக் கொடுப்பது அறிவாகுமா?

இனி, இந்தக் கருவியுடன் புளியறைக்கு வாருங்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், கேரள எல்லையருகே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. பிறை தோன்ற வேண்டிய மேற்குத் திசையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 3 கிலோமீட்டர் தொலைவில் 300 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு மலை அடிவானிலிருந்து ஏறத்தாழ 5.7 பாகையை மறைத்துவிடும். மாலைப் பிறை நம் பகுதியில் சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் கீழிறங்குகிறது. அப்படியானால் அம்மலை ஒன்றே நம்மிடமிருந்து இருபது நிமிடங்களுக்கு மேல் பறித்துவிடுகிறது. மலைக்கு அப்பால் கொல்லம் கடற்கரையில் நிற்பவருக்கோ மேற்கே கடலே அடிவானம். இதே மலையிடைவெளி வழியாகத்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலும் மேகமும் வருகின்றன. 2016 இலும் 2017 இலும் நோன்புப் பெருநாள் அந்தப் பருவத்திலேயே வந்தது. மலையையும் மேகத்தையும் ஊடுருவும் பைனாகுலர் எந்தக் கடையிலும் இல்லை.

மலை விட்டுவைக்கும் அச்சில நிமிடங்களில்தான் மெய்ப் புலத்தின் அருமை தெரியும். இளம்பிறை சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் மேலேதான் இருக்கும் என்பதில்லை. சில பாகைகள் இடமாகவோ வலமாகவோ விலகியிருக்கும். 3 பாகை வட்டத்தால் அப்பகுதியைத் துழாவுவது, வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போலாகும். மேலும் 20 மடங்கு பெருக்கும் கருவி நம் கைநடுக்கத்தையும் 20 மடங்கு பெருக்கும். முக்காலி இன்றி அது பயன்படாது.

"அப்படியானால் தோற்றப் புலம் வீணா?" என்று கேட்கலாம். வீணன்று. அது மிகக் குறுகினால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். கண் விரைவில் சோரும். இரு கருவிகளின் மடங்கு ஒன்றாக இருந்தால், ஒரே முறையில் கணக்கிட்ட தோற்றப் புலம் அகன்றதே மேல். எனினும் கண்ணாடி அணியும் நம் பெரியவர்களுக்கு அந்த அகலமும் முழுமையாகக் கிட்டுவதில்லை. வில்லையிலிருந்து 15 மில்லிமீட்டரேனும் கண்ணை விலக்கி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும்படி கருவி அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் பெட்டியிலுள்ள 60 பாகை கண்ணாடி அணியாதவருக்கே உரியது.

"முன்னோர் வெறுங்கண்ணால் பார்த்தார்கள், கருவி எதற்கு?" என்போரின் கவலையையும் மதிக்கிறோம். அகன்ற மெய்ப் புலம் கொண்ட கருவியால் பிறையின் இடத்தை அறிந்துகொண்டு, பின்பு அதே இடத்தில் வெறுங்கண்ணால் தேடலாமே! அப்போது கருவி கண்ணுக்குப் பகையாகாது, துணையாகும்.

ஆகவே நம் வேண்டுகோள் இவை. 7 முதல் 10 மடங்குக்குள் வாங்குங்கள். "1000 மீட்டரில் எத்தனை மீட்டர்?" என்று கடையில் கேளுங்கள், 131 மீட்டர் என்றால் 7.5 பாகை, 52 மீட்டர் என்றால் 3 பாகை. மலையடிவாரத்தை விட்டு, மேற்கு திறந்திருக்கும் மேட்டுக்குச் செல்லுங்கள். முன்னதாகவே தொலைவிலுள்ள பொருளில் தெளிவைச் சரிசெய்துகொள்ளுங்கள். சூரியன் மலைக்குப் பின் ஒளிந்ததை மறைவாகக் கொள்ளாமல், மக்ரிப் நேரம் வந்தபின்பே கருவியை உயர்த்துங்கள்; சூரியன் ஒரு நொடி வில்லைக்குள் விழுந்தாலும் பார்வை பறிபோகலாம். பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னுல் ஹைத்தம், கண் எவ்வாறு காண்கிறது என்பதோடு நிற்கவில்லை. கண் எங்கெல்லாம் பிழைபடும் என்பதையும் ஆராய்ந்தார். அத்தகைய அறிஞரைப் பெற்ற சமுதாயம் விளம்பர எண்ணுக்கு மயங்கலாமா? மேகம் மறைத்தால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்யும் எளிய வழியை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்துள்ளார்கள். செவியும் பார்வையும் உள்ளமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கிறது. "பிறை இல்லை" என்பது பெரிய சொல். "இவ்விடத்திலிருந்து, இந்தக் கருவியால், எமக்குத் தெரியவில்லை" என்பதே உண்மையான சாட்சியம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதிருப்போம்.