நிழற்குடையும் ஜீப்பும்

இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் போன்ற ஏலக்காட்டு ஊர்களில் நிழற்குடைகள் ஆளின்றிக் கிடப்பதற்குத் தொழிலாளரின் அலட்சியம் காரணமன்று. கம்பம், கூடலூர்ப் பகுதிப் பெண்கள் விடியுமுன் புறப்பட்டு, குமுளி, கம்பம்மெட்டு மலைச்சாலைகளின் கொண்டையூசி வளைவுகளில் ஜீப்புகளில் நெருக்கியடித்து வருகின்றனர். ஜீப் நிற்பது தேநீர்க்கடை வாசலில். கூலிப் பேச்சும் ஊர்ச்செய்தியும் அங்கேதான். தொகுதி நிதியில் எழுந்த கூரையில் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கிறது. (தோழர்கள் வைத்த பலகைகளும் இதற்கு விலக்கல்ல.) 2021 மே முதல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, எல்லை கடக்கும் ஜீப்பில் அச்சலுகை ஏது? மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும்தான். ஆனால் அதற்கு முன், இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் வேலை நேரத்தையொட்டித் தோட்டங்கள்வரை பேருந்து விடவேண்டும் என்று சங்கங்கள் கூட்டாகக் கோரவேண்டும்.