ஒரே நாளில் ஒரு இசைத்தட்டு!

உளுந்தூர்பேட்டையில் இருந்து சேலம் போகிற பெரிய சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்னால் வருகிற ஊர் எலவனாசூர்கோட்டை. பழைய சிவன் கோவில் உள்ள ஊர். மேற்கே போனால் கல்வராயன் மலை.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கொட்டுச் சத்தம் புதிது அல்ல. ஆடி மாதம் கூழ் ஊற்றினால் பம்பை. சாமி வந்தால் உடுக்கை. பாரதக் கூத்து நடந்தால் விடிய விடிய மத்தளமும் முகவீணையும் கேட்கும்.

ஆனாலும், வீட்டுப் பிள்ளை ஒருவன், "நான் கொட்டு அடிக்கப் போகிறேன், கிதார் வாசிக்கப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீடு இரண்டுபடும்!

"அது சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார்.

"ஊர் என்னடா சொல்லும்?" என்று அம்மா கேட்பார்.

கேட்பதில் தவறு இல்லை. சோறு முக்கியம். ஆனால், இதே கேள்வி சீமையிலும் ஒரு காலத்தில் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் சீமான்கள் அல்ல. கூலிக்காரர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே நாளில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அந்தக் கதையில் எலவனாசூர்கோட்டைக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

விரல் போயிற்று

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம். அதில் ஆஸ்டன் என்ற பகுதி தொழிலாளிகள் வாழ்கிற இடம்.

அங்கே டோனி அயோமி என்று ஒரு வாலிபர். 1965-ல் அவருக்கு வயது 17. இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. கிதார் வாசிப்பதில் ஆசை. ஒரு கோஷ்டியில் இடம் கிடைத்தது. வேலையை விட்டுவிடத் தீர்மானித்தார்.

அன்று கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். "இனி போகப்போவது இல்லை" என்றார். தாயார் விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

போனார். இயந்திரம் கையைப் பிடித்துக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது!

அவர் இடது கைக்காரர். கிதாரில் கம்பியை அழுத்துகிற கை அவருக்கு வலது கைதான். அந்த விரல்களே போய்விட்டன.

வைத்தியர்கள் கைவிரித்தார்கள். தொழிற்சாலை மேலாளர் மட்டும் ஓர் இசைத்தட்டை வாங்கிக்கொண்டு வந்தார். "இதைக் கேள்" என்றார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்த கிதார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் கருகிப் போனவர் அவர். மிச்ச விரல்களால் உலகப் புகழ் பெற்றவர்.

டோனி எழுந்து உட்கார்ந்தார். சோப்புத் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கினார். விரலுக்குத் தொப்பி செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். கனமான கம்பி அழுத்த முடியவில்லை. ஆகவே மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். கனமான முழக்கத்துக்குப் பேர் போன மனிதர், மெல்லிய கம்பியில் வாசித்தவர்!

அப்பா வாங்கிய கடன்

கோஷ்டியில் பாடியவர் ஓஸி ஆஸ்போர்ன். வீட்டில் ஆறு பிள்ளைகள். அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மாவும் தொழிற்சாலையில்தான். ஓஸி படிப்பில் தேறவில்லை. மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தார். கார் ஹாரன் சோதிக்கும் வேலையும் பார்த்தார். திருடவும் திருடினார். பிடிபட்டார். அபராதம் போட்டார்கள்.

அப்பா அபராதத்தைக் கட்ட மறுத்துவிட்டார். "புத்தி வரட்டும்" என்று விட்டுவிட்டார். ஓஸி சுமார் ஆறு வாரம் சிறையில் இருந்தார்.

அந்த அப்பாதான், பிள்ளை பாடப்போகிறேன் என்றபோது கடன் வாங்கி ஒலிபெருக்கிச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார்!

இந்த இரண்டு காரியத்தையும் செய்தவர் ஒரே மனிதர். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டித்தார். கை கொடுக்க வேண்டிய இடத்தில் கை கொடுத்தார். சங்கீதத்தைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் இருந்ததோ, அது வேறு. பிள்ளை ஒரு வேலையில் நிற்கிறான் என்பதைக் கண்டுகொண்டார்.

ஓஸி, இசைக்கருவி விற்கும் கடை ஒன்றில் விளம்பரம் ஒட்டினார். பாட வாய்ப்பு வேண்டும். ஒலிபெருக்கி சொந்தமாக உண்டு என்று எழுதினார். ஒலிபெருக்கி உண்டு என்றால் சும்மாவா? ஆட்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் டோனி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பள்ளியில் டோனி முரடர், ஓஸியை மிரட்டியவர். ஆனாலும் சேர்ந்துகொண்டார்கள்.

கீஸர் பட்லர், பில் வார்டு என்ற இருவரும் சேர, கோஷ்டி நால்வர் ஆயிற்று. அது 1968-ம் ஆண்டு. மறு ஆண்டு கோஷ்டிக்கு "பிளாக் சபாத்" என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பேய்ப் படத்தின் பெயர். காசு கொடுத்துப் பயப்பட ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களே, பயமுறுத்தும் பாட்டும் ஏன் இருக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

பன்னிரண்டு மணி நேரம்

1969 அக்டோபர் 16-ந்தேதி. லண்டனில் ரீஜண்ட் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடம். நால்வரும் சாமான்களுடன் வந்து இறங்கினார்கள்.

செலவுக்கு ஒதுக்கிய பணம் 600 பவுன். அன்றைய கணக்கில் சுமார் 11 ஆயிரம் ரூபாய். கிடைத்தது இரண்டு நாள். ஒரு நாள் வாசிக்க. மறுநாள் ஒலியைச் சரிபார்த்துக் கலக்க.

இந்தக் காலத்தில் ஒலிப்பதிவு எப்படி நடக்கிறது? கொட்டு ஒரு நாள். கிதார் ஒரு நாள். பாட்டு இன்னொரு நாள். தவறினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம்.

அன்று அந்தக் கூடத்தில் இருந்தது நான்கு தடம் உள்ள நாடா இயந்திரம். ஆகவே எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். ஓஸியை மட்டும் ஒரு சின்ன அறையில் நிறுத்திப் பாட வைத்தார்கள். தமிழ் சினிமாப் பாட்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் பதிவாயிற்று. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நிற்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் முதலில் இருந்து ஆரம்பம்.

நடுவில் ஒரு சோதனை. டோனியின் கிதார் பழுதாகிவிட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கட்டை செத்துப் போயிற்று. சரிசெய்ய நேரம் ஏது? கைவசம் இருந்த வேறொரு கிதாரை எடுத்தார். மிச்சத்தை அதில் வாசித்தார். அந்த மாற்றுக் கிதார்தான் பிறகு அவருடைய அடையாளமே ஆயிற்று!

சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. நால்வரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, அடுத்த கச்சேரிக்கு ஸ்விட்ஜர்லாந்து போய்விட்டார்கள். முதல் பாட்டின் ஆரம்பத்தில் கேட்கிற மழை, இடி, கோவில் மணி எல்லாம் தயாரிப்பாளர் ரோஜர் பெயின் பின்னால் சேர்த்தவை. அதைக் கேட்டு அதிசயப்பட்டவர்களில் வாசித்தவர்களும் உண்டு.

ஒரு நாளில் முடிந்ததற்குக் காரணம் என்ன? மந்திரமா? இல்லை. அதற்கு முன்னால் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்பில், நாள் ஒன்றுக்குப் பல தடவை மேடை ஏறி வாசித்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தாலும் வாசித்தார்கள். இல்லாவிட்டாலும் வாசித்தார்கள். பாட்டு விரலில் ஊறிவிட்டது. கூடத்தில் அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைக் கொட்டிவிட்டு வந்தார்கள்.

கையெழுத்து

1970 பிப்ரவரி 13-ந்தேதி, வெள்ளிக்கிழமை, இசைத்தட்டு வெளிவந்தது. பத்திரிகை விமர்சகர்கள் கரித்துக் கொட்டினார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 8-வது இடம். அமெரிக்காவில் 23-வது இடம். "ஹார்டு ராக்" என்கிற அதிரடிச் சங்கீதம் அன்று முதல் இன்னும் கனத்துவிட்டது என்று சொல்வார்கள்.

இவ்வளவும் நல்ல பக்கம். கெட்ட பக்கத்தை மறைத்தால் அது அநியாயம்.

வாலிபர்கள் ஒப்பந்தங்களைச் சரியாகப் படித்துப் பார்க்கவில்லை. பழைய நிர்வாகத்தாருடன் வழக்கு வந்தது. 1975-ல் ஒரு கையில் வழக்குத்தாள், மறு கையில் கிதார் என்ற நிலைமை. குடியும் போதை மருந்தும் சேர்ந்துகொண்டன. 1979-ல் ஓஸியைக் கோஷ்டியில் இருந்தே நீக்கினார்கள். கொட்டும் கிதாரும் பிள்ளையைக் கெடுத்துவிட்டன என்று பெற்றோர் பயப்படுவது உண்டு. இவர்களைக் கெடுத்தது பாட்டு அல்ல, புட்டி. கையைக் கட்டிப்போட்டது படிக்காமல் போட்ட கையெழுத்து.

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். காகிதத்தில் இருப்பதைப் படிக்கத் தெரிவது கிதார் தெரிவதைவிடக் குறைந்த வித்தை அல்ல.

இங்கே யார் வாசிக்கிறார்கள்?

இந்தியாவிலும் இந்தச் சங்கீதம் உண்டு. பம்பாயில் 1984-ல் ஆரம்பமான "ராக் மெஷின்" கோஷ்டி, 1988-ல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. சொந்தப் பாட்டு! அந்நாளில் அது துணிச்சலான காரியம். ஆனால் பாடியது இங்கிலீஷில்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6-ந்தேதி "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற 19 பேர் கோஷ்டி முதன்முதலில் மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பறையும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. கானாப் பாட்டு தமிழில் முழங்கியது. கூட்டம் ஆயிரக்கணக்கில் கூடியது. சாவு வீட்டுக் கொட்டு என்று ஒதுக்கப்பட்டது, சபைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பம்பாய்க்கு 1988-ல் வந்தது. சென்னைக்கு 2018-ல் வந்தது. எலவனாசூர்கோட்டைக்கு எப்போது?

இந்த வட்டாரத்துக் கூத்து ஜமாக்களை எண்ணிப் பாருங்கள். வாத்தியார் ஒருவர். பின்பாட்டுக்காரர்கள். மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை. அவர்களும் மேடையில் ஊறியவர்கள்தான். ஓர் இரவு முழுவதும் தொண்டை வற்றாமல் பாடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பொருட்டா? ஹாம்பர்க்கில் அந்த நால்வர் செய்த சாதகத்தை, இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு பெரியவர் போனால், அவர் விரலில் இருந்த பாட்டும் கூடவே போகிறது. கல்வராயன் மலைக்காரர்களின் பாட்டும் அப்படியே. கைப்பேசியில் யாரோ எடுத்த இரண்டு நிமிடத் துண்டு மட்டும் மிஞ்சுகிறது. அதிலும் பாதி ஜெனரேட்டர் சத்தம்!

"கூத்தைப் பதிவு செய்தால் யார் நேரில் வருவார்கள்?" என்று சில வாத்தியார்கள் கேட்கக்கூடும். நியாயமான பயம்தான். ஆனால் இசைத்தட்டு வந்த பிறகுதான் பிளாக் சபாத்துக்குக் கூட்டம் கூடியது. 2025 ஜூலை 5-ந்தேதி, அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், அதே நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஓஸியால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். மைதானம் நிரம்பி வழிந்தது. 17 நாள் கழித்து, ஜூலை 22-ந்தேதி, 76-வது வயதில் அவர் காலமானார்.

பெரிய கூடம் வேண்டாம். வாணவேடிக்கைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். நல்ல மைக் நான்கு, விவரம் தெரிந்த ஒரு பையன், ஜன்னலை மூடிய ஒரு பள்ளிக்கூட அறை. கோடை விடுமுறையில் அறை காலியாகத்தான் கிடக்கிறது. கூத்து ஜமாவும், ஊரில் கிதார் வைத்துக்கொண்டு திரிகிற வாலிபர்களும் சேர்ந்தே உட்காரலாம். மத்தளத்துக்குப் பக்கத்தில் கிதார் நின்றால் மத்தளம் கோபித்துக்கொள்ளாது.

பாட்டு யாருக்குச் சொந்தம், வருகிற காசில் யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பின்பாட்டுக்காரர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, காலையில் எட்டு மணிக்கு ஆரம்பித்தால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிடும்.