பார்மட் அடிக்கும் முன் ஒரு நிமிடம்!



"சர்வர் பூட் ஆகலையா? பார்மட் அடிச்சிடுடா!" நம் லேப் வாசலில் தினமும் காதில் விழும் வசனம் இது. தலைவலிக்குத் தலையையே மாற்றச் சொல்லும் வைத்தியரிடம் நாம் போவோமா? கம்ப்யூட்டர் என்றால் மட்டும் போகிறோம். இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இன்னொருவர் வயிற்றெரிச்சலில் தெரிந்துகொண்டேன்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். டிப்ளமோ முடித்து ஆறு மாதமே ஆன நான், கரண்ட் திரும்பி வந்ததும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டேன். அங்கே ஒரே பெட்டிக்குள் மூன்று விர்ச்சுவல் சர்வர்கள். இரண்டு எழுந்துவிட்டன. கணக்கு இருந்த மூன்றாவது எழவில்லை. கறுப்புத் திரை, ஒன்றரை நிமிடம் காத்திருப்பு, பிறகு 'எமர்ஜென்சி மோட்'. மறுபடி ஆன் செய்தாலும் அதே கதை.

முதலாளி பின்னாலேயே நிற்கிறார். எனக்கோ வியர்க்கிறது. திரையை போனில் ஒரு படம் எடுத்தேன். படித்துப் பார்க்கவில்லை! "பேக்கப் இருக்கா சார்?" என்றேன். "இருக்கு" என்றார். அந்த கெஸ்ட்டின் டிஸ்க் ஃபைல் மேலேயே புது லினக்ஸ் போட்டேன். அரை மணி நேரத்தில் சர்வர் ஜம்மென்று எழுந்தது.

பேக்கப் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தால், கடைசி பேக்கப் பதினோரு மாதம் பழசு!

மாலையில் என் சீனியர் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தார். "டேய், ஸ்க்ரீன்லயே எழுதியிருக்கேடா. ஒரு டிஸ்க்கைக் காணோம்னு சொல்லுது, அவ்வளவுதான்" என்றார். பேக்கப்புக்கான யூஎஸ்பி டிஸ்க்கை அந்தக் கெஸ்ட்டோடு இணைத்து, 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் ஒரு வரியாக யாரோ எழுதியிருந்தார்கள். வெள்ளம் வருகிறதே என்று கணக்கு எழுதும் அக்கா அந்த டிஸ்க்கைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். டிஸ்க் இல்லாததால் சர்வர் காத்திருந்து காத்திருந்து நின்றுவிட்டது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டியிருக்கலாம்; அல்லது அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

அந்த அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "நான் டிஸ்க்கை எடுத்துட்டுப் போனதாலதான் எல்லாம் போச்சா தம்பி?" முதலாளி ஏற்கெனவே அவரைத் திட்டி முடித்திருந்தார். "இல்லக்கா, தப்பு என்னோடது" என்று முதலாளி எதிரிலேயே சொன்னேன். சொல்லி என்ன பயன்? பதினோரு மாத பில்களையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி டைப் அடித்தது அவருடைய கைகள்தானே!

நண்பர்களே, கெஸ்ட் என்பது நம் ஊர் ஒண்டுக் குடித்தனம் மாதிரி. ஹோஸ்ட்தான் வீடு. மோட்டார் ஓடாவிட்டால் எந்தக் குடித்தனத்துக்கும் தண்ணீர் வராது. அதுபோல ஹோஸ்ட்டின் டிஸ்க் நிரம்பிவிட்டால் உள்ளே இருக்கும் கெஸ்ட் நின்றுபோகும், அல்லது ஃபைல்சிஸ்டம் 'ரீட் ஒன்லி' ஆகிவிடும். ஆகவே முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும், பிறகு குடித்தனம். நெட்வொர்க் வழியே உள்ளே போக முடியாவிட்டாலும் கன்சோலைத் திறந்தால் திரை தெரியும். அதில் வரும் கடைசிப் பத்து வரிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றியபின் எழாத கெஸ்ட்டில், 'எஸ்டிஏ' என்றிருந்த டிஸ்க் 'விடிஏ' என்று பெயர் மாறியிருக்கலாம். இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விர்ட்ஐஓ டிரைவர் இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும்!

கை வைக்கும் முன் கெஸ்ட்டை நிறுத்திவிட்டு டிஸ்க் ஃபைலை ஒரு காப்பி எடுங்கள். பிறகு ரெஸ்க்யூ சிடி இமேஜில் பூட் செய்து, எதையும் மாற்றாமல் சோதிக்கும் 'மைனஸ் என்' ஆப்ஷனோடு முதலில் ஓட்டுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டவே கூடாது. எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையும் கிடையாது. இஎக்ஸ்டி4-க்கு எஃப்எஸ்சிகே, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு அதற்கென்று தனி ரிப்பேர் கட்டளை. எக்ஸ்எஃப்எஸ் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினால் வழக்கமாக அது ஒன்றுமே செய்யாமல் 'எல்லாம் நலம்' என்று திரும்பி வந்துவிடும்! நோயைக் கண்டுபிடி, காரணத்தைக் கண்டுபிடி, பிறகு மருந்து கொடு என்ற வரிசையை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்.

சின்ன அலுவலகத்தில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பரிகாரம் என்ன? ஒரே ஒரு ஃபைலை நீக்குவது! விர்ச்சுவல் சர்வர் என்றால் அதன் டிஸ்க்கைக் கழற்றி, நல்ல நிலையில் உள்ள இன்னொரு சர்வரில் மாட்டி, அந்த ஃபைலை நீக்கித் திரும்ப மாட்டுவது. காரணம் தெரிந்தவனுக்கு அது சில நிமிட வேலை. 'பார்மட்' மட்டும் தெரிந்தவனுக்கு?

"பெரிய கம்பெனிகளில் பழுதான கெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தானே போடுகிறார்கள்?" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். அங்கே டேட்டா தனி இடத்தில் இருக்கும். பேக்கப்பைத் திரும்பப் போட்டுச் சோதித்தும் பார்த்திருப்பார்கள். அங்கே அதுதான் சரி. ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் உள்ள எத்தனையோ சிறு அலுவலகங்களில் சிஸ்டமும் டேட்டாவும் ஒரே டிஸ்க்கில். ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்த டிஸ்க்கே போனால் இரண்டும் சேர்ந்து போய்விடும்!

என் கோரிக்கை ஒன்றுதான். ஆட்டோமொபைல் மாணவனுக்கு ஓடாத இன்ஜினைக் கொடுத்துக் கோளாறு கண்டுபிடிக்கச் சொல்கிறோம். எலக்ட்ரிக்கல் மாணவனுக்குச் சுற்றாத மோட்டார். கம்ப்யூட்டர் மாணவன் மட்டும் செமஸ்டர் முழுக்க இன்ஸ்டால் செய்கிறான், ரெக்கார்டு நோட்டில் படம் ஒட்டுகிறான். எழாத சர்வரை அவனுக்கு யாராவது கொடுத்ததுண்டா? இன்ஜினை உடைத்தால் செலவு. கெஸ்ட் வெறும் ஃபைல்தானே! காப்பி எடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் கெடுக்கலாம். செமஸ்டருக்கு நாலு கெட்டுப்போன கெஸ்ட்கள் கொடுங்கள். காரணத்தை எழுதினால் பாதி மார்க், டேட்டா போகாமல் எழுப்பினால் மீதி மார்க். துறை ஆசிரியர்களும் மாணவர் பேரவையும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அடுத்த மழைக்காலம் வரத்தான் போகிறது. கரண்ட் போகத்தான் போகிறது. அப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஓர் அக்கா உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்மட் பட்டனில் கை வைக்கும் முன் திரையை ஒரு நிமிடம் படியுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!