கம்பெனி நடிகரும் நம் கல்லூரி மேடையும்

ஷேக்ஸ்பியர் என்ற மாத்திரத்தில் நம் மாணவர் நினைவில் எழுவன ஆங்கில வகுப்பும் பரீட்சைக் குறிப்புகளுமே. அம்மகாகவியின் கதைகள் கல்லூரி வாயிலை மிதியாத நடிகர்க்காகவும் தமிழில் எழுதப்பட்டன என்பதை எண்ணுவார் சிலரே.

1891இல் சென்னையில் சுகுணவிலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் வெனிஸ் வர்த்தகனை வாணீபுர வணிகனாகவும் தமிழுக்குத் தந்தார். அவர் தொண்டு சிறிதன்று. எனினும் அச்சபையார்க்குப் பகலில் கச்சேரியும் வக்கீல் தொழிலும் இருந்தன. நாடகம் மாலைப் பொழுதின் ஈடுபாடு. சங்கரதாஸ் சுவாமிகளோ (1867–1922) சிம்பலைனையும் ரோமியோ ஜூலியத் கதையையும் தமிழ் மேடைக்கு ஆக்கியவர். அவர்தம் மாணாக்கர்க்கு நாடகமே சோறு. முன்னவரைப் போற்றும் நாம் பின்னவரின் நடிகரை மறந்தது நியாயமா?

அவர்கள் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம். 1918இல் மதுரையில் சுவாமிகள் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் பாட்டும் பாடமும் கிடைத்தன. வாத்தியாரின் பிரம்படியும் கிடைத்தது. இனிய குரலுடையோன் ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறப்பான். பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் நேற்றைய நாயகி இன்று திரை இழுப்பவன் ஆதலும் உண்டு. அக்கண்டத்தைக் கடந்த சண்முகம், 1942இல் ஔவையாராகவே நடித்து, அப்பெயராலேயே அழைக்கப்பட்டார். செங்கோட்டை கிட்டப்பாவோ புகழின் உச்சியில், 1933இல், இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். திரைப்படம் சிலரைத் தூக்கிவிட்டது. எஞ்சியோர் பெயர்கள் நோட்டீசுகளோடு மக்கிப்போயின.

இஃது எங்கோ நடந்த பழங்கதையன்று. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையிலிருந்து வரும் நாம், கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகையின்றி மேடையிலேயே கூடி, சுவாமிகளின் பாடத்தை நம்பித் தர்க்கம் செய்கின்றனர். கண்மாய் வறண்டால் திருவிழா தள்ளிப்போகும். அவர்கள் அடுப்பும் அணையும். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில், பிழைப்புக்குரிய பங்குனி சித்திரை மாதங்கள் முழுதும் பாழாயின.

பபூன் பேச்சில் ஆபாசம் உண்டென்று நம் பேராசிரியர் சிலர் முகஞ்சுளிப்பர். உண்டு, மறுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் விதூஷகரும் அத்துணை ஒழுக்கசீலரல்லர். வகுப்பில் அவ்வரிகள் வரும்போது பக்கம் விரைந்து புரட்டப்படுவதை நாம் கண்டதில்லையா?

ஆதலின் நம் கோரிக்கை இது. ஆண்டுதோறும் கல்லூரி விழாவில் ஆங்கில நாடகத்திற்கு ஒதுக்கும் மேடையை, ஓரிரவேனும் இந்நடிகர்க்குத் தருக. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், முதிய நடிகர் ஒருவரைக் கண்டு, எந்த வயதில் மேடையேறினார், யாரிடம் பாடங்கேட்டார், எப்போது வேடம் மாறினார் என்று கேட்டெழுதி இம்மலருக்கு அனுப்புக. பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பும் வழக்கம் வேண்டா. திருவிழாக் கமிட்டியார் கொடுப்பதற்குக் குறையாத சம்பளமும் வழிச்செலவும், முன்பணத்தோடு பேசி, மேடையேறுமுன் கையில் கொடுத்துவிடுக.