அப்லோடுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

2025 செப்டம்பர் 14 அன்று ஆஸ்திரேலிய அரசின் இணைய வலையமைப்பான என்பிஎன் வேகத்தைக் கூட்டியதற்குக் கிளம்பிய தம்பட்டம் இன்னும் அடங்கவில்லை. பைபர், கேபிள் இணைப்புகளில் 100 எம்பிபிஎஸ் திட்டம் ராத்திரியோடு ராத்திரியாக 500 ஆனது; மொத்தவிலையும் ஏறவில்லை. நல்லது. அப்லோட் என்ன ஆனது? 20 இருந்தது 50 ஆனது. விளம்பரத்தில் 500 கொட்டை எழுத்தில். 50-ஐத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டில் படம் பார்ப்பவருக்கு இது தாராளம். தொழில் செய்பவருக்கு? வென்ட்வொர்த்வில்லில் சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர் மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு முகூர்த்தம் எடுக்கிறார் என்று வையுங்கள். மூன்று கேமரா, 200 ஜிபி, எடிட்டர் சென்னையில். 50 எம்பிபிஎஸ்ஸில் அதை அனுப்பி முடிக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அதுவரை அதே இணைப்பில் வாடிக்கையாளரோடு ஜூமில் பேசினால் முகம் உறைந்து நிற்கும். அப்லோடும் 500 இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. சென்னை எடிட்டருக்கு இந்தக் கவலை இல்லை. 2020-லேயே ஜியோ 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ்ஸை இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டது.

கேட்டால், மக்கள் டவுன்லோட்தான் அதிகம் செய்கிறார்களாம். அப்லோட் செய்ய விட்டால்தானே செய்வார்கள்! பைபரில் பழைய கருவிகளே 2.5 ஜிகாபிட் இறக்கி 1.25 ஏற்றக்கூடியவை. பாதி. நமக்குக் கிடைப்பதோ பத்தில் ஒரு பங்கு. நியூசிலாந்தில் கோரஸ் நிறுவனம் 2020 முதல் இருபுறமும் 2, 4 ஜிகாபிட் விற்கிறது. இங்கே புதிய 2000 திட்டத்திலும் பைபருக்கு 200, கேபிளுக்கு 100தான். ‘பிசினஸ்’ என்று பெயர் சூட்டிய திட்டத்திலும் 1000-க்கு 400. சரிசமம் வேண்டுமானால் என்டர்பிரைஸ் ஈதர்நெட்டுக்குப் போ என்கிறார்கள். மாதம் பல நூறு டாலர், வருடக்கணக்கில் ஒப்பந்தம். வங்கிக்குக் கட்டுப்படியாகும். பென்டில் ஹில் கணக்காளருக்கும் டான்டினாங் அச்சகத்துக்குமா?

கான்பெரா ஆட்சியாளர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! 90 சதவீத வீடு, கடைகளுக்கு பைபர் என்று 2009-ல் சொன்னார்கள். 2013-ல் செம்புக் கம்பியே போதும், 29.5 பில்லியன் டாலரில் முடித்து 2016-க்குள் எல்லாருக்கும் 25 எம்பிபிஎஸ் என்றார்கள். 2016 வந்தது, வேகம் வரவில்லை; செலவு பின்னர் 50 பில்லியனைத் தாண்டியது. 800 மில்லியன் டாலருக்குப் பேசிமுடித்த ஆப்டஸ் கேபிளை உதவாது என்று கைகழுவினார்கள். மிச்சமிருந்த கேபிளிலும் கோளாறு என்று 2017 நவம்பரில் விற்பனையையே நிறுத்தினார்கள். பைபர் யுகத்தில் 14 மில்லியன் டாலருக்கு 1,800 கிலோமீட்டர் புதுச் செம்புக் கம்பி வாங்கிய புண்ணியவான்களும் இவர்களே. இப்போது அதே தெருக்களைத் திரும்பத் தோண்டி பைபர் பதிக்கிறார்கள். ஒரே வேலையை இரண்டு தரம் செய்து, இரண்டு தரமும் நம்மிடமே பில் நீட்டுகிறார்கள். கட்சி மாறினாலும் கான்பெராவின் புத்தி மாறவில்லை.

அரசு தலையிட வேண்டும். விலையிலோ விதியிலோ கைவைத்து அப்லோடை அவிழ்த்துவிடட்டும். கருத்துக்கேட்பு, ஆலோசனைக் குழு என்று இன்னும் இரண்டு வருடம் இழுத்தடித்தால், அந்தச் செலவும் இதே சின்னக் கடைக்காரர்கள் கட்டும் வரியில்தான் போகும்.