டோனட்டுக்கு அபராதம் வேண்டாம்

ஹனுக்கா நெருங்கினால் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் யூதக் குடும்பங்கள் முதல் விளக்கை ஏற்றுவதற்கு முன்பே உடல்நலப் பக்கங்களில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. ஜாம் அடைத்து எண்ணெயில் பொரித்த சுஃப்கானியா என்னும் டோனட் ஒன்று தின்றால் இத்தனை நிமிடம் ஓட வேண்டும். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட லட்கே இரண்டு தின்றால் இவ்வளவு நேரம் நீந்த வேண்டும். இந்த வாரமும் அது கண்ணில் பட்டது. விடுமுறையிலும் உடம்பு அசைய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஊரில் தீபாவளிக்குத் தீபாவளி அதிரசத்துக்கும் முறுக்குக்கும் இதே கணக்கைப் படித்துப் படித்துச் சலித்தவர்கள் நாம். அதனால் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: இந்தப் பட்டியல் உடலையும் புரிந்துகொள்ளவில்லை, பண்டிகையையும் புரிந்துகொள்ளவில்லை.

முதலில் உடலின் கணக்கு. ஒரு சுஃப்கானியாவுக்குச் சுமார் 400 கலோரி என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 300 கலோரி செலவாவதே பெரிது. அப்படியானால் ஒரு பலகாரத்துக்கு ஒரு மணி இருபது நிமிட நடை. மூன்று பலகாரம் தின்றவர் என்ன செய்வார்? நடையையே கைவிடுவார். நடப்பதைத் தண்டனையாக்கினால் தண்டனையிலிருந்து தப்பிக்கத்தான் மனிதர்கள் பார்ப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்த ஹெர்மன் பான்ட்சரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அந்த மக்கள் அன்றாடம் எவ்வளவோ நடக்கிறார்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றல் மேற்கு நாட்டவர் செலவிடுவதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தின்றதை ஓடிக் கழித்துவிடலாம் என்ற நேர்க்கணக்கு உடலில் அப்படியே செல்லுபடியாவதில்லை. ஓட்டமும் நடையும் இதயத்துக்கு, எலும்புக்கு, உறக்கத்துக்கு, மனத்துக்கு நல்லவை. அதற்காகவே அவை வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தபோது, ஒரே தடவையில் 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும்.

பண்டிகைக் காலத்தில் எடை கூடுவது பொய்யா என்று கேட்பார்கள். பொய் இல்லை. அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் சராசரியாக 0.37 கிலோ கூடியதாகச் சொல்கிறது. பலரும் அஞ்சுவதைவிட இது மிகக் குறைவு. ஆனால் கூடியது பிறகு குறையவில்லை என்பதால் அலட்சியம் செய்யவும் முடியாது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கிறிஸ்துமஸ் கால ஆய்வை எடுத்துக்காட்டி, இத்தகைய பட்டியல் பலன் தந்திருக்கிறதே என்றும் வாதிடலாம். ஆம், அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அதையும் கொடுத்தார்கள்; கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அரைக் கிலோ அளவுக்கு நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் கூடவே அடிக்கடி எடை பார்க்கச் சொன்னார்கள், உணவு பற்றிய அறிவுரையும் தந்தார்கள். மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் புகழைப் பட்டியலுக்கு மட்டும் எழுதிவைப்பது நியாயமில்லை.

இனி பண்டிகையின் கணக்கு. யூதர்களின் ஆண்டுச் சுற்றில் அசைவும் இனிப்பும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குத் தேன் கேக்கும் வட்ட வடிவச் சல்லா ரொட்டியும் உண்டு. அன்றே ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ நடந்துபோய்ப் பாவங்களை நீரில் விடும் சடங்கும் உண்டு. கூடாரப் பண்டிகைக்குக் கம்பு நட்டு, கீற்று வேய்ந்து பந்தல் போட வேண்டும். அதன் முடிவில் வரும் சிம்ஹத் தோரா நாளில் கனத்த தோரா வேதச் சுருளைத் தோளில் ஏந்தி ஏழு சுற்று ஆடுகிறார்கள். ஓய்வுநாளில் வண்டி ஓட்டாத குடும்பம் ஜெப ஆலயத்துக்கு நடந்துதான் போக வேண்டும். உண்ணாமல் இருக்கும் யோம் கிப்பூர் அன்று இஸ்ரேலின் சாலைகள் வாகனமின்றிக் கிடக்க, பிள்ளைகள் அவற்றை சைக்கிளால் நிரப்பிவிடுகிறார்கள்; யாரும் எந்தக் கலோரியையும் கழிக்கச் சொல்லி அனுப்பியதில்லை. பஸ்கா விடுமுறையில் நாடே நடைபயணம் கிளம்புகிறது. வடக்கே தானிலிருந்து தெற்கே ஏலாத் வரை 1000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இஸ்ரேல் தேசிய நடைபாதை 1995 முதல் அதற்கென்றே இருக்கிறது.

அடுப்படியும் அப்படித்தான். சல்லாவுக்கு மாவைக் கை வலிக்கப் பிசைய வேண்டும், பிறகு இழை இழையாக உருட்டிப் பின்ன வேண்டும். பஸ்காவின் புளிப்பில்லா அப்பத்துக்கு மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும். அதுவரை மாவைச் சும்மா விடக் கூடாது. பூரிம் பண்டிகைக்கு மாவை வட்டங்களாக வெட்டி, தேனில் கிளறிய கசகசாவை நடுவில் வைத்து, மூன்று முனை கிள்ளி ஹமன்தாஷன் சுடுகிறார்கள். சுட்டது அத்தனையும் அந்த வீட்டுக்கே அல்ல. அன்று பலகாரம் அனுப்பவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் வேண்டும் என்று எஸ்தரின் புத்தகமே சொல்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போகிறார்கள். தனியே உட்கார்ந்து தின்னும் ஒருவனை மனத்தில் வைத்துப் போட்ட கலோரிப் பட்டியலுக்குள் இந்தத் தட்டு அடங்காது.

சுஃப்கானியா மட்டும் விதிவிலக்கு; அது பெரும்பாலும் கடைச் சரக்கு. வீட்டிலேயே சுட்டுவிடும் லட்கேயைவிட அடுமனைத் தொழிலாளர்களுக்கு வேலை தரும் இதை ஹிஸ்தத்ருத் தொழிற்சங்கம் 1920களில் ஊக்குவித்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த உழைப்பை மதிக்கிறோம். நமக்கு உறுத்துவது வேறு. எட்டு நாள் பண்டிகையின் பலகாரம், கூடாரப் பண்டிகை முடிந்த கையோடு கடைகளில் அடுக்கப்பட்டு, விளக்கேற்றும் நாளுக்குள் பல வாரம் விற்றுத் தீர்கிறது. இஸ்ரேலின் சுகாதாரப் பொறுப்பில் இருந்தபோது அமைச்சர் யாக்கோவ் லிட்ஸ்மன், கொழுப்பு மிகுந்த இந்தப் பலகாரத்தைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்களிடம் கேட்டதைக் கடைக்காரர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஹனுக்கா தொடங்கும் கிஸ்லேவ் மாதம் 25ஆம் தேதி பிறக்கும்வரை பொறுங்கள் என்று கேட்பதில் மதமும் மருத்துவமும் ஒரே பக்கம் நிற்கும். எட்டு நாள் என்ற எல்லை எந்த உணவியல் நிபுணரும் போடுவதற்கு முன்பே போடப்பட்டது.

அப்படியானால் பலகாரத்தை வீட்டிலேயே செய்யச் சொல்வது பெண்களின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகாதா என்ற கேள்வி வரும், வர வேண்டும். பஸ்காவுக்கு முன் புளித்த மாவின் துணுக்குகூட மிஞ்சாமல் மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, பாத்திரம் மாற்றி, பண்டிகை மேசையில் அமரும்போது பல தாய்மார்கள் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி யோசனை சொல்லவே கூடாது. அசைய வேண்டியவர்கள் அதே வீட்டில் நாற்காலியில் இருக்கும் ஆண்களும், ஹனுக்காவுக்குப் பள்ளி விடுமுறை விட்ட பிள்ளைகளும். இரண்டு கிலோ உருளைக்கிழங்கைக் கையால் துருவிப் பிழிவது பன்னிரண்டு வயதுப் பையனால் முடியாத காரியமில்லை. மாவு பிசைய அப்பாவின் தோளுக்கு வலு போதும். உடல்நலப் பக்கம் எழுதுகிறவர்கள் அடுத்த ஹனுக்காவுக்கு ஓட்ட நிமிடங்களை விட்டுவிட்டு, இந்த வேலையை ஒரு வீடு எப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று எழுதட்டும். அதை நம் தீபாவளி இதழிலும் மகிழ்ச்சியோடு எடுத்துப் போடுவோம்.